வேனிற்கால விளையும் அதன் உயிரினங்களும்

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் விளவங்கோட்டுப் பகுதியை ஒட்டி, நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த குன்னத்துகால், பாறசாலை முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும் எல்லையின் இருபுறத்தும் மண் ஒன்றே; மழை ஒன்றே; பயிரிடும் முறையும் பெரும்பாலும் ஒன்றே. வீட்டைச் சூழ்ந்துள்ள மேட்டு நிலத் தோட்டத்தை இங்குத் தமிழ் பேசுவோர் 'விளை' என்று வழங்குவர். மலையாளத்தில் அது 'புரயிடம்' எனப்படும். களியக்காவிளை போன்ற ஊர்ப்பெயர்களில் இச்சொல் நிலைபெற்றிருப்பதைக் காணலாம். விளைகளுக்கு இடையே பள்ளத்தில் அமைந்த வயல்வெளிக்கு 'ஏலா' என்று பெயர்.

ஒரு விளையைப் புதிதாகக் காண்பவருக்கு அது ஒழுங்கற்ற சிறு காடு போலத் தோன்றும். உச்சியில் தென்னை, அதற்குக் கீழே பலா, அயினி, மா, புளி, முருக்கு மரத்தைப் பற்றி ஏறிய நல்லமிளகுக் கொடி, அதன் நிழலில் வாழை, திறந்த இடங்களில் மரச்சீனி, தரையோடு தரையாகச் சேனை, சேம்பு, காச்சில், இஞ்சி. ஓரங்களில் மண்ணாலும் வெட்டுக்கல்லாலும் எழுப்பிய கையாலை. அதன்மேல் ஆடாதோடையும் நொச்சியும் பூவரசும். சில பழைய வீடுகளின் தென்மேற்கு மூலையில் கோடரி படாத சர்ப்பக்காவு ஒன்றும் இருக்கும். வேளாண்மை நூலார் இதனைப் பன்னடுக்குப் பயிர்முறை என்பர். ஒவ்வோர் அடுக்கும் வெவ்வேறு உயரத்தில் ஒளியைப் பெறுகிறது. வேர்கள் வெவ்வேறு ஆழத்தில் நீரைத் தேடுகின்றன. ஆயினும் இவ்வடுக்குகளில் மனிதன் வைத்த பயிர்கள் மட்டும் வாழவில்லை என்பதும், அவன் வைக்காத உயிரினங்களின் உழைப்பு இல்லாவிடில் வைத்தவற்றுட் பல காய்க்கமாட்டா என்பதும் போதிய கவனம் பெறுவதில்லை. இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படும் பருவம் வேனில்.

எது இங்கு வசந்தம்?

சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் என்னும் பழைய பகுப்பு இந்நாட்டின் பிற பகுதிகளுக்குப் பொருந்தலாம், நெய்யாற்றின்கரைக்குப் பொருந்தாது. ஆனி பிறக்கும்போது இங்குத் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். ஐரோப்பியரின் வசந்தமும் இங்கில்லை. உருகுவதற்குப் பனியும் இல்லை, உறக்கத்திலிருந்து எழுவதற்கு மரங்களும் இல்லை. திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. சனவரி, பிப்ரவரி, மார்ச்சு ஆகிய மூன்று திங்களிலும் சேர்ந்து பெய்வது ஏறத்தாழ அதில் இருபதில் ஒரு பங்கே. நிலம் உலரும் இக்காலத்திலேதான், அதாவது தை இறுதி முதல் சித்திரை நடு வரையிலும், மரங்கள் இலை உதிர்த்துத் தளிர்க்கின்றன, மா பூத்துப் பிஞ்சு பிடிக்கிறது, முந்திரி பூக்கிறது, பலா அடிமரத்திலேயே காய் தள்ளுகிறது, முருக்கு செந்நிறப் பூங்கொத்துக்களை விரிக்கிறது, இறுதியில் விஷுவை ஒட்டிக் கொன்றை பொன்னாகத் தொங்குகிறது. வறட்சியே இங்கு வசந்தத்தின் அடையாளம்.

இதே காலத்தில் வீட்டுக்காரரும் வேலையில் இறங்குகின்றார். கிழங்கு நடுவதற்கு இடம் வேண்டும். ஆதலின் சருகைக் கூட்டி எரிக்கின்றார். வேலியை வெட்டுகின்றார். பட்ட கிளைகளைத் தறிக்கின்றார். பூவும் பிஞ்சும் உதிர்ந்தால் மருந்து அடிக்கின்றார. தனித்தனியே நோக்கின் இவை யாவும் முறையான வேலைகளே. ஆனால் இவை செய்யப்படும் நாட்கள், விளையின் உயிரினங்கள் உண்பதும் இணைவதும் கூடு கட்டுவதுமாக ஆண்டிலேயே மிகச் சுறுசுறுப்பாக இருக்கும் நாட்களாக அமைந்துவிடுகின்றன. எந்த வேலையை எவ்வளவு செய்யலாம், எதை எப்போது செய்யலாகாது என்பதை ஆராய்தல் இங்குப் பயனுடையது.

ரப்பர் இலையில் தேன்

முதலில் தேனைக் கருதுவோம். ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியும் வருவாய். இப்பகுதியின் மேடுகளில் ரப்பர் பரவலாக உள்ளது. ரப்பர் மரம் மார்கழி, தை மாதங்களில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுப் புதிதாகத் தளிர்க்கும். இலை உதிர்ந்து தளிர்க்கும் வாரங்களில் பால் குறையும். பால் வெட்டும் தொழிலாளிக்கும் வேலை குறையும். அவ்வேளையில் அம்மரம் வேறொன்றைத் தருகிறது. ரப்பர் இலை மூன்று சிற்றிலைகளைக் கொண்டது. அம்மூன்றும் காம்போடு கூடும் இடத்தில் சிறு சுரப்பிகள் உள்ளன. தளிர் மென்மையாக இருக்கும் சில வாரங்களுக்கு இச்சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். தேன் மலரில்தான் இருக்கும் என்று எண்ணுவோருக்கு இது வியப்பளிக்கும். இங்குத் தேனீப் பெட்டிகளில் மாசியிலும் பங்குனியிலும் நிரம்பும் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வந்ததன்று, இலையிலிருந்து வந்தது.

எல்லைக்கு அப்பாலுள்ள மார்த்தாண்டம் தேனீ வளர்ப்பிற்குப் பெயர் பெற்ற ஊர். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரின் தலைமையில் வை.எம்.சி.ஏ. அங்கு நிறுவிய கிராமப் புனரமைப்பு நிலையம், எளிய குடும்பங்களுக்கேற்ற குடிசைத் தொழில்களுள் ஒன்றாகத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தது. அதற்கு முன் மரப்பொந்திலிருந்து தேனடையை அறுத்துப் பிழிந்து எடுப்பதே வழக்கம்; அதனால் புழுக்களும் அழிந்தன, குடியும் சிதைந்தது. சட்டங்கள் பொருத்திய சிறு மரப்பெட்டியில் அடுக்குத் தேனீயைக் குடியேற்றித் தேனை மட்டும் எடுக்கும் முறை வந்தபின் ஒரே குடியிலிருந்து ஆண்டுதோறும் தேன் பெறுதல் கைகூடியது. இன்றும் தளிர்ப் பருவத்தில் குமரி மாவட்டத்துத் தேனீ வளர்ப்போர் பெட்டிகளை வண்டிகளில் ஏற்றிக் கேரளத்து ரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டு செல்வதைக் காணலாம். மாநில எல்லையைத் தேனீக்கள் ஒருபோதும் மதித்ததில்லை.

இத்தொழிலுக்குப் பேரிடியாக வந்தது 1991 ஆம் ஆண்டில் தென்னிந்தியாவில் தோன்றிய 'தாய் சாக்புரூட்' என்னும் நச்சுயிரி நோய். நோயுற்ற புழு கூட்டுப்புழுவாக மாறாமல் நீர் நிரம்பிய சிறு பை போலாகி மடியும். ஓரிரு ஆண்டுகளுக்குள் கேரளத்திலும் குமரியிலும் பெட்டிகளுள் மிகப் பெரும்பகுதி வெறுமையாயிற்று. இதற்கு மருந்து இல்லை. நோயைத் தாங்கி எஞ்சிய குடிகளிலிருந்து பிரித்துப் பெருக்கியே தொழில் மீட்கப்பட்டது. எஞ்சிய குடிகளுட் பல கவனிப்பாரற்ற பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும் வாழ்ந்தவை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ரப்பர் இனிப்பு நீரை மட்டுமே தருகிறது. புழுக்களை வளர்க்கத் தேனீக்களுக்கு மகரந்தமும் வேண்டும். அது ரப்பரிடம் போதிய அளவு இல்லை. மகரந்தம் ஆண்டு முழுவதும் பாளை விரிக்கும் தென்னையிலிருந்தும், புளியிலிருந்தும், வழியோரத் தொட்டாற்சுருங்கி போன்ற களைகளிலிருந்தும் வரவேண்டும். ஆதலின் ரப்பர்க்காரரின் பெட்டி நிரம்புவதற்கு அடுத்த வீட்டுக்காரரின் கலப்பு விளையும், அவர் வெட்டாமல் விட்ட வரப்புக் களையும் துணை நிற்கின்றன. விளைகள் யாவும் ரப்பராக மாறிய இடத்தில் இந்தத் துணை இல்லாமற் போகும். ரப்பர் விலை உயர்ந்த ஆண்டுகளில் பலாவையும் மாவையும் வெட்டி ரப்பர் வைத்தவர்கள் இக்கணக்கைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுக்குத் தேனீயைத் தவிரப் பிற பூச்சிகளும் இக்காலத்தில் உழைக்கின்றன. மாம்பூவுக்கு ஈக்களே முதன்மையான மகரந்தத் தூதர்கள். தேனீக்கள் இரண்டாம் நிலையினவே. கொன்றைப் பூவின் மகரந்தப் பைகள் எளிதில் திறப்பதில்லை. கரிய உடலும் நீலம் மின்னும் சிறகும் உடைய தச்சு வண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும்; அவ்வதிர்ச்சியில் மகரந்தம் சிதறும். பந்தலில் படர விட்ட தாட்பூட்பழக் கொடிக்கும் இவ்வண்டே தேவை. இது பட்ட கிளையிலும் மூங்கிலிலும் துளையிட்டு வாழ்வது. மூங்கிற் கழிகள் சிலவற்றைக் கூரையின் கீழ்க் கட்டித் தொங்கவிட்டால் அங்கே குடியேறும். வீட்டு உத்தரத்தைத் துளைக்கிறதே என்று மண்ணெண்ணெய் ஊற்றி இதைக் கொல்வது பலரது வழக்கம்.

சருகும் தீயும்

மாசி மாத மாலையில் குன்னத்துகால் வட்டாரத்தில் எந்த மேட்டில் நின்று நோக்கினும் விளைகளிலிருந்து புகை எழுவது தெரியும். பலா, அயினி, மா, ரப்பர் ஆகியவற்றின் சருகு ஒரு சாண் உயரத்திற்குக் குவிந்திருக்கும் காலம் அது. சருகை எரிப்பதற்கு மக்கள் கூறும் காரணங்கள் மூன்று: விளை துப்புரவாக இருக்கும், சாம்பல் உரமாகும், பாம்பு அண்டாது.

சாம்பல் உரம் என்பது பாதி உண்மையே. சருகில் அடங்கிய பொட்டாசும் சுண்ணாம்பும் பாசுவரமும் சாம்பலில் எஞ்சும். நைட்ரசனும் கந்தகமும் புகையோடு காற்றிற் கலந்துவிடும். எஞ்சியதும் மேற்பரப்பில் துகளாகக் கிடந்து, காற்றில் பறந்தோ சித்திரையின் முதல் பெருமழையில் சரிவோடு ஓடியோ ஏலாவைச் சேரும். இப்பகுதியின் மண் செம்புரை மண். பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் மலபாரில் அங்காடிப்புறத்தருகே இதனைக் கண்டு, மக்கள் இதைச் செங்கல் போல் வெட்டி வீடு கட்டுவதைக் கவனித்து, 'செங்கல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இதற்குப் பெயரிட்டார்; அவரது நூல் 1807 இல் வெளிவந்தது. வெயிலில் காய்ந்தால் கல்லாக இறுகுவது இம்மண்ணின் இயல்பு. அங்ககப் பொருள் இதில் குறைவு. இத்தகைய மண்ணுக்குச் சருகே போர்வை. அது வெப்பத்தைத் தணிக்கும். நீராவிப் போக்கைக் குறைக்கும். மட்கி மண்ணைத் தளர்த்தும். ஆண்டில் மண் மிகவும் வெப்பமுறும் மாதத்தில் அப்போர்வையை எரித்துவிடுதல் நல்ல கணக்கன்று.

சருகு வேண்டிய இடம் விளையிலேயே இருக்கிறது. சேனை நடும் காலம் மாசி. கும்பத்தில் நட்டால் கிழங்கு குடத்தளவு, மீனத்தில் நட்டால் மீன்கண் அளவு என்பது இவ்வட்டாரத்து வழக்கு. மலையாளத்துக் கும்பமே தமிழ் மாசி. இவ்வழக்கு வெறும் நம்பிக்கையன்று. மாசியில் நட்ட சேனை பங்குனி இறுதியில் முளைத்து, சித்திரை மழையில் குடை விரித்து, பருவமழைக்காலம் முழுவதும் கிழங்கைப் பெருக்க முடிகிறது. ஒரு மாதம் பிந்தினால் அவ்வளவுக்கு வளர்ச்சி குறைகிறது. சுமார் 90 சென்டி மீட்டர் இடைவெளியில், 60 சென்டி மீட்டர் நீள அகலமும் 45 சென்டி மீட்டர் ஆழமும் உள்ள குழிகள் எடுத்து, மேல்மண்ணும் மட்கிய சாணமும் இட்டு, சாணக் கரைசலில் தோய்த்து உலர்த்திய ஒரு கிலோ எடையுள்ள துண்டை நடுவர். நட்ட உடனே குழியைச் சருகால் நன்கு மூட வேண்டும். இம்மூடாக்கு இல்லையேல் கிழங்கு வெயிலில் வதங்கும். திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963 இல் தொடங்கப்பெற்ற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையமும் இம்மூடாக்கை வற்புறுத்துகிறது. காச்சிலுக்கும் இஞ்சிக்கும் இதுவே விதி. தென்னையின் வட்டப்பாத்தியிலும் சருகைப் பரப்பி, அதன்மேல் தொண்டுகளைக் குழிவான பக்கம் கீழாகக் கவிழ்த்து அடுக்கலாம். ஒரு நடுத்தர விளையின் சருகு முழுவதும் இவ்வகையிலேயே செலவாகிவிடும், எரிப்பதற்கு மிஞ்சாது.

இனி, சருகை நம்பி வாழும் உயிரினங்களைக் காண்போம். தவிட்டுக்குருவிக்கு மலையாளத்தில் 'கரியிலக்கிளி' என்று பெயர். கரியில என்பது சருகு. ஆறேழு பறவைகள் கூட்டமாக இறங்கி, ஒவ்வோர் இலையாகப் புரட்டிக் கறையானையும் வண்டையும் புழுவையும் பொறுக்கும். நிலத்தில் பதுங்கும் பூச்சிகளை இவ்வளவு முறையாகத் தேடும் கூலியாள் எவரும் கிடைக்கமாட்டார்.

ஆறுமணிக் குருவியின் நிலை இன்னும் கருதத்தக்கது. பச்சை முதுகும், நீலத்திட்டுள்ள சிறகும், சிவந்த அடிவயிறும் கொண்ட இக்குட்டைவாற் குருவி ஐப்பசியில் வடக்கிலிருந்து வருவது. விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கையொலி எழுப்புவதால் இப்பெயர் பெற்றது. நிழலடர்ந்த மூலையில், சருகு மூடிய ஈரத்தரையில் தத்தித் தத்திப் புழு தேடும்; வேறு வகையில் இரை தேட அறியாது. சித்திரையில் இது மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் திரும்பிச் சென்று அங்குப் பருவமழையில் குஞ்சு பொரிக்கும். பயணம் இரவில் நிகழ்வது. நெடும்பயணம் செல்லும் பறவைகள் புறப்படுமுன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இக்குருவி அவ்வாறு உண்ணவேண்டிய மாசி, பங்குனியிலேதான் அதன் உணவுக்களம் தீக்கிரையாகிறது. சர்ப்பக்காவு உள்ள வீடுகளில் இப்பறவையின் குரல் பங்குனி கடைசி வரையிலும் கேட்பது தற்செயலன்று.

பாம்பு பற்றிய அச்சம் நியாயமானதே. நாகமும் கண்ணாடி விரியனும் இவ்வட்டாரத்தில் உண்டு. சருகில் கிடக்கும் விரியன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வீட்டைச் சுற்றியும், கிணற்றடியிலும், நடைபாதையிலும் சருகும் விறகுக் குவியலும் இன்றிப் பெருக்கி வைத்தல் இன்றியமையாதது. அவ்வெல்லைக்கு அப்பால் எரிப்பதால் பாம்பு குறைவதில்லை. எலி குறைந்தால்தான் பாம்பு குறையும். மரச்சீனிக்கும் சேனைக்கும் பெரும்பகை பெருச்சாளி. அதனைப் பிடிப்பவை சாரைப்பாம்பும் கீரியும் கூகையும் ஆகும். மஞ்சள் நிறச் சாரையை நாகமென்று எண்ணி அடித்துக் கொன்றவர், அவ்வாண்டு மரச்சீனி பிடுங்கும்போது இழப்பைக் காண்பார். நச்சுப்பாம்பு வீட்டருகே வந்தால் பிடித்து அகற்றுவதற்குப் பயிற்சி பெற்றோரைக் கேரள வனத்துறை 2020 முதல் 'சர்ப்பா' என்னும் கைப்பேசிச் செயலி வாயிலாக அனுப்பி வருகிறது.

பட்ட கிளையின் பயன்

குக்குறுவான் கத்தாத வேனிற்காலைப் பொழுது இங்கில்லை. பச்சை உடலும் தடித்த அலகும் உடைய இப்பறவை, பட்டுப்போய் மென்மையான கிளையின் அடிப்பக்கத்தில் வட்டமான துளையிட்டுக் கூடு அமைக்கும். பொன்முதுகு மரங்கொத்தியும் அவ்வாறே. இவை ஆண்டுதோறும் புதுத்துளை இடுவதால், விட்டுப்போன பழைய துளைகள் தாமாகத் துளையிட அறியாத பறவைகளுக்கு வீடாகின்றன. குண்டுக்கரிச்சான், மைனா, கிளி, புள்ளி ஆந்தை ஆகிய யாவும் இத்தகைய குடியிருப்பாளர்களே. மாசி முதல் வைகாசி வரை இவற்றின் குஞ்சு வளர்ப்புக் காலம். பழமுண்ணும் பறவைகளும் குஞ்சுகளுக்குப் பூச்சியைக் கொண்டுவந்து ஊட்டுவதால், கம்பளிப்புழுவும் இலைப்புழுவும் பெருகும் காலத்தில் அவற்றிற்குக் காவல் கிடைக்கிறது. ஆகவே மா, பலா, முருக்கு ஆகியவற்றின் பட்ட கிளை வீட்டின் மீதோ மின்கம்பியின் மீதோ வழியின் மீதோ விழக்கூடியதாக இராவிடின், அதனைத் தறிக்காமல் விட்டுவைத்தல் நலம். தறித்தே ஆகவேண்டுமெனில் மழைக்காலத்தின் பிற்பகுதிக்குத் தள்ளிவைக்கலாம்.

தென்னைக்கு இவ்விதி பொருந்தாது. பட்ட தென்னையில் மரங்கொத்தி விரும்பித் துளையிடும் என்பது உண்மையே. ஆனால் உளுத்த தென்னந்தடியில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். அண்டை மரங்களின் குருத்தெல்லாம் அதற்கு இரையாகும். பட்ட தென்னையை வெட்டி அகற்றுவதே முறை. எருக்குழியிலும் அவ்வண்டின் புழுக்கள் வளர்வதால், பச்சை மஸ்கார்டைன் என்னும் பூஞ்சணத்தைக் குழியில் கலந்து அவற்றை அழிக்கலாம்.

முருக்கு மரத்தைப் பற்றியும் ஒரு சொல். இதன் செம்பூக்களில் நீர்த்த தேன் மிகுதி. காகம், மைனா, கரிச்சான், தேன்சிட்டு முதலிய பறவைகள் வறண்ட மாதங்களில் இதனை நாடி வந்து, நெற்றியில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு செல்லும். மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாக இம்மரமே வழிவழியாக நடப்பட்டு வந்தது. 2005 ஆம் ஆண்டை ஒட்டிக் கேரளத்தில் புகுந்த ஒரு சிறு குளவி முருக்கின் தளிரிலும் காம்பிலும் முட்டையிட்டுக் கழலைகளை உண்டாக்கியது. மரங்கள் இலையின்றிப் பட்டன, கொடிகளும் சாய்ந்தன. அதன்பின் சீமைக்கொன்றையும் பிறவும் அவ்விடத்தைப் பிடித்தன. தப்பிப் பிழைத்த முருக்கு ஒன்று விளையில் இருந்தால் அதன் கிளைகளை நட்டுக் காப்பது நன்று.

கையாலைகளிலும் மாறுதல் நிகழ்ந்துள்ளது. மண் கையாலையின் செங்குத்துப் பக்கத்தில் வெண்மார்பு மீன்கொத்தி முழ நீள வளை தோண்டி முட்டையிடும். மீன்கொத்தி என்று பெயர் இருப்பினும் ஏலாவை விட்டு விலகி, விளையில் வெட்டுக்கிளியையும் ஓணானையும் உண்டு வாழ்வது இதன் இயல்பு. கற்காரைச் சுவர் எழுந்த இடத்தில் இதற்கு இடமில்லை.

முசுறும் மருந்தும்

இப்பகுதியில் கொல்லாமரம் எனப்படும் முந்திரி பூக்கும்போது அதற்கு நேரும் பெருங்கேடு தேயிலைக் கொசு. கொசு என்று கூறினும் இது சாறுறிஞ்சும் நாவாய்ப்பூச்சி இனம். இது குத்திய தளிரும் பூங்கொத்தும் தீய்ந்ததுபோற் கருகும். இதனை ஒழிக்கக் காசர்கோடு மாவட்டத்தின் பெரிய முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 ஆம் ஆண்டு வரை ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் மருந்து தெளிக்கப்பட்டது. அத்தோட்டங்களை அடுத்து வாழ்ந்த மக்களிடையே தோன்றிய நோய்களும், குழந்தைகளின் பிறவிக் குறைகளும் நாடறிந்தவை. 2011 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அம்மருந்தை நாடு முழுவதும் தடை செய்தது.

அதே பூச்சிக்கு எளிய பகை ஒன்று மரத்திலேயே உண்டு. முசுறு எனப்படும் செவ்வெறும்பு பச்சை இலைகளைச் சேர்த்துத் தன் புழுக்களின் பட்டிழையால் தைத்துக் கூடு கட்டும். முசுறு நிறைந்த முந்திரி மரத்தில் தேயிலைக் கொசுவின் தாக்குதல் குறைவாக இருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இவ்வுத்தி மிகப் பழையது. கி.பி. 304 ஆம் ஆண்டினதாகக் கூறப்படும் ஒரு சீன நூல், ஆரஞ்சு மரங்களைக் காக்க முசுற்றுக் கூடுகள் அங்காடியில் விற்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. முசுறு மாவுப்பூச்சியைப் பேணி வளர்க்கும். மகரந்தம் கொணரும் பூச்சிகளையும் சில வேளை விரட்டும். பறிக்க ஏறுபவரைக் கடித்துத் துன்புறுத்தும். ஆதலின் கீழே இறங்கிய கூடுகளை மட்டும் அகற்றி, உச்சியில் உள்ளவற்றை விட்டுவிடுவதே நடுநிலையான வழி. மருந்து அடித்தே ஆகவேண்டிய நிலை வரின், பூ விரிந்திருக்கும் முற்பகலில் அடித்தல் கூடாது. அடுத்த வீட்டில் தேனீப் பெட்டி இருந்தால் முன்னாளே அறிவிக்க வேண்டும். மாலையில், தேனீக்கள் அடைந்தபின்னரே தெளிக்க வேண்டும்.

மாவில் பழ ஈயைக் குறைப்பதற்கு விஷம் தெளிக்க வேண்டியதில்லை. துளசியிலையைக் கசக்கிச் சிரட்டையில் இட்டுச் சிறிது நஞ்சு கலந்து மரத்தில் தொங்கவிட்டால், துளசியின் மணத்தில் மயங்கி ஆண் ஈக்கள் அதனுள் வந்து மடியும்.

அஞ்சப்படும் விருந்தினர்

கொல்லாம்பழமும் பலாவும் பழுக்கும் இரவுகளில் வௌவால்கள் வருகின்றன. 2018 ஆம் ஆண்டு கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் நிபா நச்சுயிரியால் பலர் மாண்டனர். அந்நச்சுயிரி பெரிய பழந்தின்னி வௌவாலின் உடலில் வாழ்வது என்று கண்டறியப்பட்டது. அதன்பின்னும் அந்நோய் கேரளத்தில் மீண்டும் மீண்டும் தலைகாட்டியுள்ளது. ஆகவே அச்சம் பொருளற்றதன்று. வௌவால் கடித்த பழத்தை உண்ணலாகாது. கீழே விழுந்த பழத்தைக் கழுவித் தோல் நீக்காமல் தொடுதலும் கூடாது. குழந்தைகளுக்கு இதைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும். திறந்து கட்டிய கள் பானையை மூடி வைக்க வேண்டும். ஆனால் வௌவால் அடையும் மரத்தை வெட்டுவதும், வெடி வைத்து விரட்டுவதும் தீங்கையே மிகுதிப்படுத்தும். அலைக்கழிக்கப்பட்ட விலங்கு புதிய இடங்களைத் தேடிச் சிதறும். உடல் நலிந்தால் நச்சுயிரியை மிகுதியாக வெளியேற்றும் என்று அறிஞர் கருதுகின்றனர். இலவம் முதலிய இரவிற் பூக்கும் மரங்களுக்கு மகரந்தம் கொணர்பவையும் வௌவால்களே என்பதை மறத்தலாகாது.

காட்டுப்பன்றியின் செய்தி வேறு. மலையோரத்திலிருந்து இது ரப்பர்த் தோட்டங்களின் புதர் வழியே இறங்கி, ஓரிரவில் மரச்சீனிப் பாத்தி முழுவதையும் உழுதுவிடும். இவ்விழப்பைச் சருகும் வேலியும் பற்றிய அறிவுரைகளால் தடுக்க முடியாது. பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுடுவதற்கு ஆணையிடும் அதிகாரத்தை 2022 ஆம் ஆண்டு கேரள அரசு ஊராட்சித் தலைவர்களுக்கு அளித்தது. சிறு விளைக்காரர் செய்யக்கூடியது, பராமரிப்பின்றிப் புதர் மண்டிய அயல்நிலங்கள் பன்றிக்கு ஒளிவிடமாவதை ஊராட்சிக்கு அறிவித்தலும், பலர் கூடி வேலி அமைத்தலுமே.

சித்திரை மழை

விஷு நெருங்கும்போது நான்கு சுரங்களில் ஒரு குயிலினக் குரல் உயரத்திலிருந்து கேட்கும். மலையாளிகள் அதனை 'வித்தும் கைக்கோட்டும்' என்று பொருள்படுத்துவர். வித்தையும் மண்வெட்டியையும் எடு என்பது கருத்து. இதனை விஷுப்பறவை என்றே அழைப்பர். இடி மின்னலோடு மாலை மழைகள் தொடங்குகின்றன. சருகு மூடிய குழிகளில் சேனை முளை ஈட்டி போல் வெளிவருகிறது. சருகின் அடிப்பாகம் கருத்து ஈரமாகி மண்ணோடு ஒட்டத் தொடங்குகிறது. சித்திரை, வைகாசியில் மரச்சீனிக் கம்பு நடுவதற்கும் இம்மழையே உதவும். ஆறுமணிக் குருவி ஓரிரவில் சென்றுவிடும்.

ரப்பர் இலை முற்றியதும் தேன் வரத்து நின்றுவிடும். தேனீ வளர்ப்போர் கடைசித் தேனை எடுக்கும்போது அறைகளை முற்றிலும் காலி செய்யாமல், குடியின் உணவுக்கு ஒரு பங்கை விட்டுவைக்க வேண்டும். சூன் முதல் செப்டம்பர் வரை மழையால் தேனீ வெளியே செல்லாது. சென்றாலும் பூ அரிது. அம்மாதங்களில் சர்க்கரையையும் நீரையும் சம அளவில் கரைத்துச் சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காதிருக்க ஒரு துண்டு ஓலையை மிதக்கவிட்டு, மாலையில் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வலுவிழந்த பெட்டியில் மெழுகு அந்து புகும். ஆதலின் அடிப்பலகையை வாரம் ஒருமுறை துடைத்தலும் வேண்டும்.